திருப்பிப் போட்டு அளந்தவர்

காலை ஏழு மணி பத்து நிமிடம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது தராசு. இடது தட்டில் கடதாசிச் சுருளில் சீனி, வலது தட்டில் அரை றாத்தல் படிக்கல், முள் நடுவில். தராசுக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம், "நானா, இப்ப சீனியை அங்கால வையுங்கோ, கல்லை இங்கால வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். துறைமுகத்து ஒழுங்கைகளில் பாதி வீடுகளுக்கு அவர் கடையில்தான் கொள்வனவு. கையில் சுருளைப் பிடித்தபடி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"என்ன புள்ள, தட்டை மாத்தினா சீனி கூடுமோ?"

"கூடாது. தராசு என்ன சொல்லுது எண்டு பார்ப்பம்."

"என்ர வாப்பா காலத்துத் தராசு. இண்டைவரைக்கும் ஒண்டும் சொல்லல்ல."

"ஒருத்தரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டினம்."

பின்னால் நின்ற நான்கைந்து பேரும் கழுத்தை நீட்டினார்கள். கடைக்காரர் பிடிபடப்போகிறார் என்ற ஆவல் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவர் மாற்றி வைத்தார். சீனி இருந்த தட்டு மெல்ல இறங்கியது.

"சீனி கூட நிக்குது" என்றார் அந்தப் பெண். "இவ்வளவு காலமும் நீங்கள்தான் கூடக் குடுத்திருக்கிறீங்கள், நானா. ஒரு பக்கத்துக் கை கட்டை." சுருளைப் பிரித்து, இரண்டு தேக்கரண்டி அளவு சீனியை எடுத்துச் சாக்குக்குள் திருப்பிப் போட்டார். "எனக்கு அரை றாத்தல் போதும்."

அவர் போன பிறகு கடைக்காரர் தராசை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கள்ளன் எண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல" என்றார் என்னிடம். "இவ என்னை முட்டாள் எண்டு சொல்லிட்டுப் போறா."

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் திருகோணமலை நிருபர். உட்துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கையில் ஓர் அறை எடுத்திருந்தேன். தராசைத் திருப்பச் சொன்ன அந்தப் பெண்ணின் வீடு அடுத்த வேலி. பின்பக்கம் நின்றால் துறைமுகத் தண்ணீரும், அக்கரைக் குன்றில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய் சேமித்த பெரிய இரும்புக் குதங்களும் தெரியும். அவருக்கு வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. தகப்பனாருக்குப் பாரிசவாதம் என்று தந்தி போனதும் மூன்று மாத லீவில் வந்திருந்தார். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கலியாணம் செய்யவில்லை. அதற்கு ஒழுங்கையில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. இரண்டையும் நான் விசாரிக்கவில்லை.

அவர் எக்ஸ்ரே வேலை செய்தவர் என்ற செய்தி மட்டும் அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. அதனால் 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர். ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தவர்கள், முறிந்த காலைப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் மண்ணிற உறைகளுடன் அவர் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார்கள். தராசு விஷயம் நடந்து இரண்டு கிழமைக்குள் கடைக்காரரும் வந்தார். நானும் அன்று வேலியடியில் நின்றேன்.

அக்கா படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு, எதிர்பார்த்தபடியே, திருப்பிப் பிடித்தார்.

"நானா, உங்களுக்கு நெஞ்சு நோவோ?"

"இருமல். படத்தில என்ன இரிக்கு?"

"எனக்கு இது வாசிக்கத் தெரியாது. டொக்டரிட்டக் கேளுங்கோ. நான் மனுசரைப் படம் எடுத்தவள் இல்லை."

"மனுசரை எடுக்காம எக்ஸ்ரே யாருக்கு எடுக்கிற?"

"வானத்தை."

கடைக்காரர் உறையை வாங்கிக்கொண்டார். "வானத்துக்கு என்ன வருத்தம், புள்ள?"

அக்கா சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். இன்னொரு முறை பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அந்த வேலை என்ன என்பதை எனக்குக் கரையில் வைத்துச் சொன்னார். பின்னேரம் தகப்பனார் கண்ணயர்ந்த நேரம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து நேரே கீழே போட்டார். தாழ்ந்தது. இன்னொன்றை எடுத்து, குனிந்து, தண்ணீரோடு சரிவாக எறிந்தார். அது நாலைந்து தரம் தத்திக்கொண்டு போனது.

"வானத்தில இருந்து வாற எக்ஸ்ரேயும் இப்பிடித்தான், தம்பி. நேரே வந்தா எந்தக் கண்ணாடிக்குள்ளையும் தாண்டு போகும். உரசிற மாதிரிச் சரிவா வந்தா மட்டும் தெறிக்கும். அதால எங்கட கண்ணாடி தட்டை இல்லை. அடி இல்லாத வாளி மாதிரி. உள்பக்கம்தான் கண்ணாடி. தங்கம் பூசினது."

"அதுக்குள்ள முகம் பார்க்கலாமோ?"

"பார்க்கலாம். கோணலாத் தெரியும். நான் ஆறு வரிசமா அந்த முகத்தைத்தான் பார்த்தனான்."

அந்த எக்ஸ்ரேயைக் காற்று மறித்துவிடும் என்றார். அதனால் கண்ணாடியைத் தொலைநோக்கிக்குள் பூட்டி, ராக்கெட்டில் வைத்துக் காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டும். மேலே போன பிறகு யாரும் அதைத் தொட முடியாது, துடைக்க முடியாது, இது சரியோ பிழையோ என்று எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே அதைப் பற்றி அறிய வேண்டிய எல்லாவற்றையும் நிலத்தில் இருக்கும்போதே அளந்து எழுதிவிட வேண்டும். ஒரு நீண்ட இரும்புக் குழாய். காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்த குழாய். ஒரு நுனியில் ஊசிமுனையளவு எக்ஸ்ரே விளக்கு, அதுதான் நட்சத்திரம். மறு நுனியில் கண்ணாடி. விளக்கின் கதிர் கண்ணாடிக்குள் எப்படி விழுகிறது, எவ்வளவு கலைகிறது என்று அளப்பதுதான் அவருடைய வேலை.

"அளந்தா முடிஞ்சுதோ?"

"பாதிதான் முடியும்." கைகளை வட்டமாகப் பிடித்துக் காட்டினார். "படுக்கப் போட்டு அளக்கிறம். பாரம் இருக்குத்தானே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்யும். மேலே போனா பாரம் இல்லை, அந்தத் தொய்வும் இல்லை. அப்ப நான் அளந்ததில நிலத்தின்ர பிழை எவ்வளவு, கண்ணாடியின்ர பிழை எவ்வளவு? பிரிக்க ஒரு வழிதான் இருக்கு. மேல் பக்கம் கீழ வாற மாதிரித் திருப்பிப் போட்டு, இன்னொருக்கா அளக்க வேணும். கண்ணாடியின்ர பிழை கண்ணாடியோட சேர்ந்து திரும்பும். நிலத்தின்ர பிழை கீழயே கிடக்கும்."

"திருப்பியாச்சோ?"

"ஒரு பக்கம் அளந்து முடிச்ச கிழமைதான் அப்பாவின்ர தந்தி வந்தது."

கண்ணாடியைத் திருப்பும் தொட்டில் அவரே வரைந்து செய்வித்தது. தொட்டிலைத் திறக்க வேண்டும், திருப்ப வேண்டும், திரும்பவும் பல நாட்கள் காற்றை உறிஞ்ச வேண்டும். தான் வரும்வரை கண்ணாடியைத் தொலைநோக்கிக்குள் வைத்து மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆய்வுகூடத்துப் பெரியவர் சித்திரைவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அக்கா போயாக வேண்டும்.

தகப்பனார் முன்னறையில், யன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கடற்படைத் தளம் வெள்ளைக்காரனிடம் இருந்த காலத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: ஓம். பார்க்க வந்தவர்கள், "சுகமோ ஐயா?" என்பார்கள். "ஓம்." "என்னைத் தெரியுதோ?" "ஓம்." அவர்கள் திருப்தியோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் தகப்பனாரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினார். வலப்பக்கம், நேரே, இடப்பக்கம். ஒரு கை தோளின் கீழே, மறு கை இடுப்பின் கீழே. கிழவர் வலியில் முனகுவார், சில வேளை அழுவார். மகள் நிறுத்த மாட்டார். திருப்பி முடிந்ததும் பழைய பக்கத்துத் தோலைக் குனிந்து பார்ப்பார், விரலால் அழுத்துவார், சிவப்பு மறைகிறதா என்று காத்திருப்பார்.

எதையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்து நம்பாதவரோடு பழகுவது இலேசல்ல. கிழவரின் காய்ச்சல் மானியைச் சுடுதண்ணியில் வைத்துப் பார்ப்பார், பிறகு ஐஸ் தண்ணியில் வைத்துப் பார்ப்பார். ஆட்களையும் அப்படித்தான். "பஸ் போட்டுதோ?" என்று கேட்பார். கொஞ்சம் கழித்து, வேறு கதைக்கு நடுவில், "பஸ் இன்னும் போகேல்லைத்தானே?" என்பார். இரண்டு கேள்விக்கும் ஒத்துவரும் பதில்தான் அவருக்குப் பதில். மற்றவர்களுக்கு இது தங்களைப் பொய்யராக்குவதுபோல் இருந்தது. எனக்கும் சில நாட்களில் அப்படித்தான் இருந்தது.

எல்லோரிடமும் திருப்பிக் கேட்டவர், தகப்பனாரிடம் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. 'ஓம்' என்பது உண்மைப் பதிலாகக்கூடிய கேள்விகளை மட்டும் அவரிடம் கேட்டார். "வெளிச்சம் கூடவோ, சீலையை இழுத்துவிடட்டோ?" "ஓம்." "தண்ணி குடிப்பமோ?" "ஓம்." ஒருமுறையேனும், "தண்ணி வேண்டாமோ?" என்று கேட்டதில்லை. இதைக் கவனிக்க எனக்குச் சில மாதம் எடுத்தது.

அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினேன். துறைமுகத்துப் பெண், வானத்துக் கண்ணாடி, நோயாளித் தகப்பன். ஞாயிறு பதிப்புக்கு நல்ல விஷயம். அனுப்புமுன் வாசித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அப்பாவுக்காக வேலையை விட்டிட்டு வந்தவள் எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"உண்மைதானே?"

"இனி இதையே திருப்பி எழுதுங்கோ, தம்பி. வேலைக்காகப் பதினெட்டு வரிசம் அப்பாவைத் தனிய விட்டவள் எண்டு. அம்மா செத்ததுக்கும் வரேல்லை எண்டு. அதிலையும் ஒரு சொல் பொய் இல்லை. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில போடுவினமெண்டா அனுப்புங்கோ."

ஆசிரியபீடம் அப்படிப் போடாது என்றேன்.

"அப்ப வேண்டாம்" என்றார்.

அவருக்கு ஓர் அண்ணா. கொழும்பில் வங்கி உத்தியோகம். மாசியில் வந்து தகப்பனாரைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர், மாசியில் வந்து இரண்டு நாள் நின்றார். கொழும்பில் எடுத்த வீடு மாடியில் என்றார், மனைவியும் வேலைக்குப் போகிறவள் என்றார். படலையில் விடைபெறும்போது, "நீ யோசிக்காமல் போ. ஒரு ஆளை வச்சுப் பார்ப்பம்" என்றார்.

"ஆள் திருப்புவாளோ?"

"சொல்லிக் குடுத்தால் திருப்புவாள்."

"சொல்லிக் குடுக்காட்டி?"

அண்ணா வேனுக்குள் ஏறினார்.

கிழவரைப் பார்க்கும் ஆள் கட்டைபறிச்சான் என்ற ஊரிலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். கை பதமான பெண். சோறு தீத்துவதும் உடம்பு துடைப்பதும் தன் பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்தாள். கிழவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள் உள்ளே வந்தால் இடது கையைத் தூக்குவார். எக்ஸ்ரே அக்கா அவளுக்குத் திருப்பும் முறையைக் காட்டிக் கொடுத்தார். அவளைத் திருப்ப வைத்துப் பார்த்தார். பிறகு, "ஐயாவைத் திருப்பினனியோ?" என்பார். அரை மணி கழித்து, "ஐயா இன்னும் அதே பக்கம்தானே கிடக்கிறார்?" என்பார்.

அவள் சிரித்தாள். "அக்கா, எனக்கு ஒரு வாய்தான் இருக்கு. ஒரு பக்கம் கேட்டாக் காணாதோ?"

பங்குனி நடுவில் அவர் கொழும்பு போனார். விசாவும் விமானச் சீட்டும் எடுக்க வேண்டும். மூன்று நாள். நான் புகையிரத நிலையம்வரை போனேன். அவர் முதல்முறையாக இலகுவாக இருந்தார். திருப்பி அளக்க எத்தனை நாள் பிடிக்கும், அது முடிந்தால் எப்போது திரும்பி வரலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். "பிறகு நான் இஞ்சயே நிண்டிடுவன். மேலே போன பிறகு எனக்கு அங்க வேலை இல்லை" என்றார்.

அவர் திரும்பி வந்த காலை வேலியோரம் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் பையோடு உள்ளே போவதைக் கண்டேன். கொஞ்சம் கழித்து அந்தப் பெண் பின்வாசலுக்கு வந்து படியில் குந்தினாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"என்ன நடந்தது?"

"ஐயா திருப்பேக்க அழுதவர், தம்பி. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். எனக்கு மனம் வரேல்லை. நோகாமப் படுக்கட்டும் எண்டு விட்டனான்."

கிழவரின் வலது இடுப்பில் புண். ஒரு ரூபாய்க் காசளவு, நடுவில் கறுப்பு. அக்கா அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போனேன். அன்று அவர் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "அவள் பாவம். அவருக்கு நோகும் எண்டுதான் விட்டவள்" என்றார். புண்ணைவிட அதுதான் அவரைப் பயப்படுத்தியது என்று நினைக்கிறேன். சோம்பலால் திருப்பாதவளை மாற்றலாம். இரக்கத்தால் திருப்பாதவளை என்ன செய்வது?

அவள் சத்தியம் பண்ணினாள். இனி அழுதாலும் திருப்புவேன் என்றாள். அண்ணா கொழும்பிலிருந்து ட்ரங்க் கோல் எடுத்து, ஒரு புண்ணுக்காகச் சீட்டைக் கிழிக்காதே என்றார். விமானம் பத்து நாளில். அக்கா ஒரு பக்கமும் சாயாமல் நடமாடினார். பெட்டி பாதி அடுக்கியபடி அலுமாரிக்கு முன்னால் திறந்து கிடந்தது.

ஒரு காலை என்னைக் கூப்பிட்டார். கிழவர் நேரே படுத்திருந்தார், தலை உயர்த்தி.

"தம்பி, நீங்கள் கால்மாட்டில நில்லுங்கோ. நான் அப்பாவிட்ட ஒண்டு கேட்கப்போறன். நான் முகத்தைப் பார்த்தா எனக்கு வேண்டினதுதான் தெரியும். நீங்கள் பாருங்கோ. செய்தி எழுதிற ஆள்தானே."

யன்னல் பக்கம் திரும்பி, துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டார்.

"அப்பா, நான் போகட்டோ?"

"ஓம்."

வெளியே ஒரு இழுவைப் படகு சங்கு ஊதிவிட்டுப் போனது. அது ஓயும்வரை பொறுத்தார்.

"அப்பா, நான் நிக்கட்டோ?"

"ஓம்."

திரும்பாமலே என்னிடம் கேட்டார். "வித்தியாசம் ஏதும்?"

இரண்டு முறையும் கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறையும் இடது கை போர்வைக்கு மேலே, அசையாமல் இருந்தது. குரலும் ஒன்றுதான்.

"இல்லை" என்றேன்.

"சரி" என்றார் அவர். போய்ப் பெட்டியில் இருந்த உடுப்புகளை எடுத்து அலுமாரியில் வைக்கத் தொடங்கினார்.

அன்றே தபால் கந்தோருக்குப் போனோம். தந்தி வாங்கும் கிளாக்கர் எனக்குப் பழக்கமானவர். என்னுடைய செய்தித் தந்திகள் அவர் கையால்தான் போகும். அக்கா எழுதிக் கொடுத்த ஆங்கில வாசகத்தை வாசித்தார். திருப்பிப் போட்டு அளக்கும்வரை மூட வேண்டாம், எப்படியாவது நீங்களே திருப்புங்கள் என்பது அதன் பொருள்.

"என்ன அக்கா, கேக் சமைக்கினமோ?" என்றார் கிளாக்கர்.

"ஓம்" என்றார் அவர்.

பதில் அந்தக் கிழமைக்குள் வந்தது. அதை அவர் படலையில் நின்று எனக்குச் சொன்னார். காலையில் வரும் மீன்காரனைக் காத்துக்கொண்டு நின்ற நேரம்.

"திருப்ப அவைக்கு நேரம் காணாதாம். நிலத்தின்ர பங்கைக் கணக்குப் போட்டுக் கழிச்சாச்சாம். கண்ணாடியை மூடியாச்சாம்."

"கணக்குப் பிழையோ?"

"பிழை எண்டு சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை. சரி எண்டு சொல்லவும் ஒண்டும் இல்லை." பிறகு, "அப்பாவைத் திருப்பிற நேரம்" என்று சொல்லி உள்ளே போனார். மீன்காரன் வந்து மணி அடித்துவிட்டுப் போனான்.

அந்தத் தொலைநோக்கி மேலே போன செய்தி மறு வருடம் வந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பியது. எங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில் நாலு வரி. பத்திரிகை பின்னேர பஸ்ஸில்தான் திருகோணமலைக்கு வரும். எடுத்துக்கொண்டு போனேன்.

"வேலை செய்யுதாமோ?" என்றார்.

"ஓம், வேலை செய்யுதாம்."

சோற்றை மசித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, "வேலை செய்யேல்லை எண்டு எங்கயும் போட்டிருக்கோ?" என்றார்.

"இல்லை."

பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை.

இன்னும் சில மாதம் போயிருக்கும். அங்கே அவரோடு வேலை செய்தவர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி மெல்லிய பனிப்புகார்போல ஒன்று படத்தில் விழுகிறது. உண்மையாகவே அங்கே இருக்கிறது என்றால் அது பெரிய கண்டுபிடிப்பு, ஒருவரும் இதுவரை காணாதது. கண்ணாடி செய்யும் கோளாறு என்றால் அது ஒன்றுமே இல்லை. எது என்று சொல்ல அங்கே ஒருவராலும் முடியவில்லை. கண்ணாடியை அறிந்தவர் நீங்கள்தான், என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"என்ன எழுதினீங்கள்?"

"தெரியாது எண்டு எழுதினனான்."

"வேற?"

"வேற என்ன இருக்கு, தம்பி? திருப்பி அளந்திருந்தாச் சொல்லலாம். இனி ஒருத்தருக்கும் ஏலாது. அது நூறு வரிசம் சுத்தினாலும் ஏலாது." குரல் உயரவில்லை. கையில் இருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "அந்த நட்சத்திரத்தைச் சுத்தி ஏதோ இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் ஆறு வரிசம் செய்த வேலையின்ர முடிவு இதுதான்."

அதன்பிறகு அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் நான் அதை விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியது கடையில் வைத்து. கடைக்காரர் இத்தனை காலத்தில் பழகிப் போயிருந்தார். எக்ஸ்ரே அக்கா வந்தால், கேட்காமலே ஒருமுறை நிறுத்து, தட்டை மாற்றி இன்னொரு முறை நிறுப்பார். புதுத் தராசு வாங்கிய பிறகும், றாத்தல் போய்க் கிலோ வந்த பிறகும், அப்படித்தான். மற்ற வாடிக்கைக்காரர் முன்னால் அது ஒரு வேடிக்கையாகவும் இருந்தது. அன்று அவர் பருப்பை நிறுத்துவிட்டுத் தட்டை மாற்றக் கை வைத்தார்.

"வேண்டாம் நானா" என்றார் அவர். "சரியாத்தான் இருக்கும்."

கடைக்காரர் கையை எடுக்கவில்லை. "ஏன் புள்ள, கோவமோ?"

"இல்லை. கட்டித் தாங்கோ."

கடைக்காரர் கட்டிக் கொடுத்தார். அவர் போகும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் கேட்டார். "அந்தப் புள்ளைக்கு என்னடாப்பா நடந்தது? வாப்பா மௌத்தாப் போனாரோ?"

"இல்லை, இருக்கிறார்" என்றேன்.

ஆட்களிடம் இரண்டாவது தரம் கேட்பதையும் விட்டுவிட்டார். பஸ் போய்விட்டது என்றால் போய்விட்டது. மீன் நேற்றையது அல்ல என்றால் அல்ல. ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் மேல் பிரியம் கூடியது. இப்போதுதான் மனுசி ஊர் மனுசியாகியிருக்கிறா என்றார்கள். எக்ஸ்ரே படங்களோடு வருவது குறைந்து, கலியாண வீட்டுக்கு அழைக்க வருவது கூடியது. அவர் போகவில்லை. கட்டைபறிச்சான் பெண் அறுவடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வேறு ஆள் தேடவும் இல்லை. பின்னேரங்களில் கரைக்கு வருவதும் நின்றது. வேலிக்கு அப்பால் அவர் குரல் கேட்பது அரிது. கட்டில் கிறீச்சிடும் சத்தமும், அதோடு கிழவரின் முனகலும் மட்டும் நாள் முழுவதும் விட்டு விட்டுக் கேட்கும்.

தகப்பனார் போனது ஓர் ஆவணி மாதத்தில், பகலில். அண்ணா மறுநாள் கொழும்பிலிருந்து வந்தார். காரியங்கள் எல்லாம் முடிந்து, முற்றத்துப் பந்தல் பிரிக்கும்போது, தங்கச்சிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனி நீ போகலாம்" என்றார். "உனக்கு அங்க வேலை தராமல் விடமாட்டினம்."

"எங்க?"

"அதுதான், அந்தக் குழாய் வேலை."

"அதைக் கழட்டிப் போட்டினம், அண்ணா. அந்தக் கட்டடத்தில இப்ப வேற ஏதோ."

அண்ணா பந்தல்காரரிடம் கயிற்றைச் சுருட்டச் சொன்னார்.

சில மாதத்தில் பத்திரிகை என்னை வேறு இடத்துக்கு மாற்றியது. போகும்போது அவர் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் முன்னறையில், யன்னலோரத்தில், வெறும் கட்டிலில் இருந்தார். போய் எழுதுங்கோ என்றார். நான் எழுதினேன். பதில் வரவில்லை.

தகப்பனார் இறந்த மறுநாள் அவர் உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். கிணற்றடியில் வாங்கில் கிடத்தி, அண்ணாவும் நானும் ஒழுங்கைக்காரர் இருவரும் தண்ணீர் வார்த்தோம். முதுகுப் பக்கம் வார்ப்பதற்காக ஒருக்களித்துத் திருப்பினோம். நாலு வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்த உடல் அது. வலது இடுப்பில், ஒரு ரூபாய்க் காசளவில், ஆறிப்போன ஒரு தழும்பு இருந்தது. வேறு புண் எதுவும் இருக்கவில்லை.